யோசிக்காமல் இறங்கிய கோடு

புதிதாகச் சேரப்போகிறவர்களுக்கு எழுதுகிறேன். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பதே ஆகவில்லை. ஆனாலும் இந்த ஆய்வுகூடத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்பது உண்மைதான். அடுத்த மாதம் வேறொரு நாட்டில், யாரோ கழுவி வைத்த கண்ணாடிக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு, சோறு எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். நான் உட்கார்ந்திருந்த கதிரை உங்களில் ஒருவருக்குக் கிடைக்கும். அது இடதுபக்கம் சாயும். பயப்பட வேண்டாம், விழுத்தாது.

கரைசல்களை எப்படிக் கலப்பது, கருவியை எப்படித் துடைப்பது என்பதெல்லாம் கணினியில் இருக்கிறது. அதைத் திருப்பி எழுதி உங்களைக் கொல்லப்போவதில்லை. கணினியில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதுவரை, ஆய்வு செய்கிறவளுக்கு அவசரமே கூடாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

நான் கம்பளையிலிருந்து வந்துபோனவள். காலை பஸ்ஸில் யன்னலோர இடம் கிடைத்தால் பேராதனை வரைக்கும் மகாவலி ஆறு கூடவே வரும். இறங்கி, பெரிய மரங்களுக்குக் கீழே மேட்டில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றுவேன். செருப்பு ஏன் என்று முதல் நாளே கேட்பீர்கள். ஒரு கலத்தை, அதாவது ஒரு உயிரணுவை, கண்ணாடி முனையால் பிடித்து வைத்திருக்கும்போது பக்கத்தில் யாராவது தடதடவென்று நடந்தால் அது விட்டுப் போய்விடும். அதனால் வெறுங்கால். “பள்ளிக்குள்ள போற மாதிரி வா” என்பாள் கூட வேலை செய்த ரிஸ்னா; பள்ளி என்று அவள் சொல்வது பள்ளிவாசலை. மழைக்காலத்தில் அந்தத் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். இரண்டு காலையும் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையில் ஒரு கோட்டைப் பார்த்தபடி நாங்கள் இருந்த அந்த நாட்களை எழுதும்போது, இப்போதும் என் கால்கள் தாமாகவே மேலே ஏறுகின்றன.

என்ன வேலை செய்கிறாய் என்று அம்மா கேட்டபோது நான் இப்படிச் சொன்னேன். வலி என்பது நரம்புக் கலம் போடுகிற சத்தம். அந்தக் கலத்தின் மேல்தோலில் ஏற்பிகள் இருக்கின்றன. மோர்பின் போன்ற ஓபியாயிட் மருந்து வந்து ஏற்பியில் உட்காரும். உட்கார்ந்ததும் உள்பக்கத்திலிருந்து ஒரு தூதன் கிளம்பிப் போய், பக்கத்தில் இருக்கிற பொட்டாசியக் கதவைத் திறப்பான். உள்ளே நிறைந்திருக்கிற பொட்டாசியம் கொஞ்சம் வெளியே போகும். அவ்வளவுதான். கத்திக்கொண்டிருந்த கலம் தானாகவே அடங்கிவிடும். யாரும் அதன் வாயைப் பொத்துவதில்லை.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “இதுக்கு எதுக்கும்மா ஏசி ரூமு?” என்றார்.

ஆய்வில் நாங்கள் ஒரு சின்னத் தந்திரம் செய்வோம். கலத்துக்கு வெளியே உள்ள கரைசலில் வேண்டுமென்றே பொட்டாசியத்தைக் கூட்டி வைப்போம். அப்போது கதவு திறந்தால் பொட்டாசியம் வெளியிலிருந்து உள்ளே ஓடும், அந்த ஓட்டத்தைக் காட்டுகிற கோடு திரையில் கீழே இறங்கும். கோடு எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ, அவ்வளவு கதவுகள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ரிஸ்னா திகனையைச் சேர்ந்தவள். நான் சேர்ந்த அதே வாரம்தான் அவளும் சேர்ந்தாள். எனக்கு இந்தத் துறையில் இருந்தது வெறும் துடிப்பு. எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும், எதுவாக இருந்தாலும் சரி. அவளுக்கு இருந்தது ஒரு காரணம். அவளுடைய வாப்பாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வியாழனும் திங்களும் கண்டிக்கு வந்து டயலிசிஸ் செய்துகொண்டு போவார். மிச்ச நாட்களில் தன் ஹார்ட்வெயார் கடையில் உட்கார்ந்திருப்பார். எலும்புக்குள்ளே நோவு. சாதாரண வலிமாத்திரைகள் அவருக்கு ஆகாது. மோர்பின் கொடுத்தால், அதைக் கழிக்கச் சிறுநீரகம் இல்லாததால் உடம்பிலேயே தங்கி மூச்சை அடக்கிவிடும் என்று டாக்டர்கள் பயந்தார்கள். அவர் குடிக்கக்கூடிய ஒன்று உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்பதுதான் ரிஸ்னாவின் ஆராய்ச்சி. விண்ணப்பத்தில் வேறு மாதிரி அழகாக எழுதியிருந்தாள்.

கடுகண்ணாவைப் பக்கத்துக் கிராமங்களில் உடம்பு நோவுக்கு ஒரு இலையைக் காய்ச்சிக் குடிப்பார்கள். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன்; காரணம் போகப்போகத் தெரியும். ரிஸ்னா அந்த இலையைக் கொண்டுவந்தாள். ஊரில் காய்ச்சுகிற முறையிலேயே காய்ச்சினாள்: எட்டுப் பங்கு தண்ணீர் வைத்து, ஒரு பங்காக வற்றும்வரை. ஆய்வுகூடம் முழுக்க மருந்துக் கடை வாசம். அந்தக் கறுத்த கஷாயத்தை வடித்து, கரைசல் சேர்த்து ஐதாக்கி, கலத்தின் மேல் ஓடவிட்டாள்.

கோடு இறங்கியது. தொபீரென்று இறங்கியது.

“கவி! பாத்தியா? கவி!” என்று அவள் என் தோளைப் பிடித்து உலுக்கியதில் கலம் விட்டுப் போய்விட்டது. நாங்கள் கவலைப்படவேயில்லை.

எங்கள் மேற்பார்வையாளரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். சந்தோஷம் வந்தால் குரல் இன்னும் தாழும். திரையைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, “ஓம், இறங்குதுதான். நலொக்சோன் வரட்டும், பாப்பம்” என்றார்.

நலொக்சோன் என்பது ஓபியாயிட்டின் எதிரி. ஏற்பியில் முதலே போய்க் குந்திக்கொண்டு மற்ற எவரையும் உட்காரவிடாது. இலையின் வேலை ஏற்பி வழியாகத்தான் நடக்கிறது என்றால், நலொக்சோன் போட்டதும் கோடு மேலே ஏற வேண்டும். எங்களுடைய நலொக்சோன் துறைமுகத்தில் ஏதோ ஒரு அனுமதிக்காகக் கிடந்தது. கிடந்த அந்த மாதங்களில் நாங்கள் இலையை மேலும் மேலும் நம்பினோம். ஒரு சோதனை நடக்காமல் தள்ளிப்போகும்போது, அதில் தேறிவிட்ட மாதிரியே ஒரு நினைப்பு வந்துவிடும். இது உங்களுக்கும் வரும்.

நலொக்சோன் வந்தது. போட்டோம். கோடு அசையவேயில்லை. இறங்கினது இறங்கினபடி இருந்தது.

ரிஸ்னாவின் முகம் செத்துப்போனது. மேடம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கோட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். பிறகு, “பிள்ளையள், இது இன்னும் பெரிசாயும் இருக்கலாம். ஏற்பியைத் தொடாமலே கதவைத் திறக்குதோ தெரியாது” என்றார்.

பார்த்தீர்களா? தோற்றுப்போன சோதனை ஒரே வாக்கியத்தில் முன்னதைவிடப் பெரிய வெற்றியாகிவிட்டது. எங்கள் மேடத்தை நான் குறை சொல்லவில்லை. அது நியாயமான ஊகம்தான். நியாயமான ஊகங்களிடம்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். மடத்தனமானவை தாமாகவே விழுந்துவிடும்.

“அப்ப இது மூச்ச அடக்காது தானே, மேடம்? மூச்ச அடக்குறது ஏற்பி தானே?” என்று ரிஸ்னா கேட்டாள்.

“அப்பிடி அவசரப்பட்டுச் சொல்லேலாது. கதவு திறந்தா மூச்சுக் கலமும் அடங்கும்தானே. பாப்பம்.”

ரிஸ்னா தலையாட்டினாள். அவள் அந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். மேடத்தின் பதிலில் எந்தப் பாதி அவள் காதில் விழுந்தது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கருத்தரங்கில் ரிஸ்னா இதைப் பேசவிருந்தாள். அதற்கான படம் ஒன்றைத் தயாரிக்க நான் ஞாயிற்றுக்கிழமை தனியாக ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தேன். ஞாயிறுகளில் அந்தக் கட்டடம் எனக்கே சொந்தம் மாதிரி இருக்கும். மோர்பினின் கோட்டையும் இலையின் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இலைக்குப் பச்சை நிறம் கொடுத்து, அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான், கோடு இறங்கத் தொடங்குகிற மூலை உறுத்தியது. மோர்பினின் கோடு யோசித்து இறங்குகிறது. மருந்து வந்து உட்கார வேண்டும், தூதன் கிளம்ப வேண்டும், கதவு திறக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் எடுக்கும். அதனால் கோட்டில் ஒரு வளைவு இருக்கும், மேட்டிலிருந்து பஸ் மெதுவாகத் திரும்பி இறங்குவது போல. நேரம் போகப்போக அது களைத்துக் கொஞ்சம் மேலேயும் ஏறும். இலையின் கோடு யோசிக்கவேயில்லை. கஷாயம் வந்து சேர்ந்த அதே நொடியில் செங்குத்தாக இறங்கியது. களைக்கவும் இல்லை. கழுவியதும் அதே வேகத்தில் மேலே போய்விட்டது. நேரடியாகக் கதவைத் திறந்தாலும் இப்படி வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மனசு ஒட்டவில்லை. பசியும் வந்துவிட்டது.

சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். அம்மா கட்டித் தந்த கீரை, அதன் தண்ணீரோடு சோற்றில் ஊறிக் கிடந்தது. ரிஸ்னா இருந்திருந்தால் பாதியை எடுத்திருப்பாள். அவளுடைய சாப்பாட்டில் கீரை எப்போதும் காய்ந்த புல் மாதிரி இருக்கும்.

“உங்க வீட்டுக் கீரைக்கு என்னதான் ஆச்சு?” என்று ஒருநாள் கேட்டிருந்தேன்.

“வாப்பாக்குச் சமைக்கிறதுதான் எங்களுக்கும். உம்மா ரெண்டு சட்டி வெக்க மாட்டா. கிட்னிக்காரருக்குக் கீரைய அப்பிடியே குடுக்க ஏலா. அவிச்சித் தண்ணிய ஊத்தணும், திரும்ப அவிச்சி ஊத்தணும். பொட்டாசியம் தண்ணியோட போயிரும். ருசியும் போயிரும்” என்று சிரித்தாள்.

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. திகனையில் உம்மா இலையை அவித்து, தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறார். இங்கே நாங்கள் இலையை அவித்து, இலையை எறிந்துவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்கிறோம். அதுவும் எட்டுக்கு ஒன்றாக வற்றவைத்து.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். கலத்துக்கு வெளியே பொட்டாசியத்தைக் கூட்டினால், புதிதாக ஒரு கதவும் திறக்கத் தேவையில்லை. எப்போதும் திறந்தே இருக்கிற சில கதவுகள் வழியாகவே அதிகமாக ஓடும். கோடு இறங்கும். நலொக்சோன் எதை அடைக்கும்? அடைக்க அங்கே எதுவுமே இல்லை. பொட்டாசியக் கதவுகளை வருஷக்கணக்கில் படிக்கிற நாங்கள், இலைக்குள்ளே பொட்டாசியம் இருக்கும் என்பதை மறந்துபோயிருந்தோம்.

கையைக் கழுவிவிட்டு ஒரு கலத்தைப் பிடித்தேன். இலையே இல்லாமல், வெறும் பொட்டாசியம் உப்பைக் கரைத்து ஓடவிட்டேன். கோடு யோசிக்காமல் இறங்கியது. அதே மூலை. பச்சைக் கோட்டுக்கு மேலே வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று மறைத்தன.

முதலில் வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன், சந்தோஷம். பிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம். அதன் பின்னால்தான் ரிஸ்னாவின் முகம் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு கலம் போதாது, இன்னும் சிலதில் திருப்பிச் செய்து உறுதியான பிறகு சொல்வோம் என்று தீர்மானித்தேன். நம்முடைய பயிற்சி முழுவதும் அதைத்தானே சொல்கிறது? அடுத்த கலத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. ரிஸ்னா.

“கவி, லெப்லயா இரிக்க? ஒண்டு சொல்றன், மேடத்துக்குப் போட்டுக் குடுக்காத.”

“சொல்லு.”

“வாப்பா ராவு முழுக்கத் தூங்கினார். இண்டக்கி விடிஞ்சதுலேந்து கடையில. சீமெந்து வாங்க வந்த மேசன்பாஸ்மாரோட சிரிச்சிக் கதைச்சிட்டு இரிக்கார். எவ்ளோ காலம் தெரியுமா இப்பிடிப் பாத்து!”

“எப்படி?”

“எப்பிடிண்டா… குடுத்தன். நம்மட கஷாயம். வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு அரைக் கோப்பை. நேத்தும் குடுத்தன். இண்டக்கி அவராவே கேட்டுக் குடிச்சார்.”

சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கு அந்தக் கஷாயத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கூடுதல் பொட்டாசியத்தை உடம்பு கழித்துவிடும். கடுகண்ணாவைக்காரர்கள் அப்படித்தான் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறார்கள். கழிக்க வழியில்லாத உடம்பில் அது இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஏறினால் முதலில் தடுமாறுவது இதயம். அதுவும் கலங்கள் கூட்டமாக வேலை செய்கிற இடம்தான்.

“ரிஸ்னா, அடுத்த டயலிசிஸ் எப்போ?”

“நாளைக்குத்தானே. எனத்துக்கு?”

“நாளைக்கு வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

“என்னடி சொல்ற? அவர் நல்லா இரிக்கார்.”

சொன்னேன். கோட்டின் மூலையைச் சொன்னேன், உப்பைச் சொன்னேன்.

“உனக்கு உறுதியா?”

“இல்ல.”

“எத்தன கலம்?”

“ஒண்ணு.”

“ஒண்ணு! ஒரு கலத்த வெச்சி நாம கருத்தரங்குல ஒரு போஸ்டர் கூடப் போட மாட்டோம், கவி!”

“போஸ்டர் போட வேணாம் ரிஸ்னா. ஆஸ்பத்திரிக்குப் போ.”

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவையும் எழுதினேன். ஒன்றை உண்மை என்று எழுதுவதற்குத் தேவையான உறுதி வேறு. ஒருவரை ஆபத்திலிருந்து எழுப்புவதற்குத் தேவையான உறுதி வேறு. முதலாவதுக்கு வருஷம் எடுத்தாலும் பரவாயில்லை. இரண்டாவதுக்குச் சந்தேகமே போதும். நம்மைப் போன்றவர்களுக்கு முதலாவதை மட்டும் சொல்லித் தருகிறார்கள். இன்னும் ஒரு கலம் செய்துவிட்டுப் பேசலாம் என்று அன்று என் வாய்வரை வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அவர்கள் வீடு கடைக்கு மேல்மாடியில். தொலைபேசியை வைக்காமலே ரிஸ்னா படியிறங்கி ஓடுவது கேட்டது. கீழே இரும்புக் கம்பிகள் உரசும் சத்தம், யாரோ விலை கேட்கும் சத்தம்.

“வாப்பா, எழும்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“இண்டக்கி ஞாயிறு, மகள்.” அவருடைய குரலில் சிரிப்பு இருந்தது. “நாளைக்குத்தான் என்ட மெசின்காரன் என்னத் தேடுவான்.”

“வாப்பா, அந்தக் கஷாயம் சரியில்ல போல. கால் கை எப்பிடி இரிக்கி?”

“கால் கொஞ்சம் பாரம். அது மருந்து வேல செய்யுது.”

“வாப்பா…”

“உறுதியாத் தெரியுமா சரியில்லண்டு?”

“தெரியா.”

அவர் பேசினார். சிரிப்பு போயிருந்தது. “எத்தனயோ காலத்துக்குப் பொறகு ஒரு ராவு நோவில்லாமத் தூங்கினன், மகள். நீதான் தந்தாய். இப்ப நீயே வந்து அதப் புடுங்கப் பாக்கிறாய். தெரியாதாம், ஆனா எழும்பட்டாம்.”

நான் இங்கே கதிரையின் நுனியில் இருந்தேன். ஏற்பி, தூதன், கதவு என்று அவள் விளக்கத் தொடங்கிவிடுவாளோ என்று பயந்தேன். நான் என்றால் தொடங்கியிருப்பேன். ரிஸ்னா அழுதுகொண்டே சொன்னது இதுதான்:

“வாப்பா, உம்மா கீரை அவிச்சி ஊத்துறாவே, அந்தத் தண்ணி. அதத்தான் நான் வத்தவெச்சி உங்களுக்குக் கோப்பையில தந்தன்.”

பின்னாலிருந்து உம்மாவின் குரல், “அல்லாஹ்வே!” என்று. ஒரு கதிரை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

“ஷட்டர இறக்கு” என்றார் வாப்பா.

நான் த்ரீவீலரில் கண்டிக்கு ஓடினேன். வாவியைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குடும்பம் குடும்பமாகக் கடலை சாப்பிட்டபடி நடந்தார்கள். ஆஸ்பத்திரியில் ரிஸ்னா சுவரோடு சாய்ந்து நின்றாள். உள்ளே வாப்பாவுக்கு ஈசிஜி எடுத்திருந்தார்கள். என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று கடமையில் இருந்த டாக்டர் கேட்டபோது ரிஸ்னா ஒரு சொல் மறைக்கவில்லை. எந்த இலை, எவ்வளவு, எத்தனை தரம், யார் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு ஆராய்ச்சி மாணவி இப்படிச் செய்வாளா என்று அந்த டாக்டர் கத்தினார். அவள் நின்று கேட்டாள். அந்த நேரத்தில் எத்தனை பேர் கதையைக் கொஞ்சம் வளைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் வளைத்திருந்தால், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவர்கள் காத்திருந்திருக்கலாம். அவர்கள் காத்திருக்கவில்லை. ஈசிஜித் தாளில் அலைகள் கூடாரம் மாதிரிக் கூராக எழும்பியிருந்தன. இதயத்தைக் காக்க ஒரு ஊசி போட்டு, உடனே அவரை டயலிசிஸ் இயந்திரத்தில் இணைத்தார்கள்.

மேடத்துக்கு நான்தான் அழைத்துச் சொன்னேன். கருத்தரங்கு, கோடு, உப்பு என்று தலைகால் தெரியாமல் உளறினேன். “மனுசன் எப்பிடி இருக்கிறார்? அதை முதல்ல சொல்லும் பிள்ளை” என்றார். பிழைத்துக்கொள்வார் என்றேன். “கதவைத் திறக்குதெண்டு நான்தானே சொன்னனான். நான் வாறன்” என்றார். வந்தார். ரிஸ்னாவின் பக்கத்தில், ஆஸ்பத்திரியின் நீள மர வாங்கில், உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை பேச்சை ரத்துச் செய்யவில்லை. ரிஸ்னா மேடையேறி, பச்சைக் கோட்டையும் உப்புக் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று காட்டினாள். வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சாற்றைச் சிறுநீரக நோயாளிகள் குடிக்கவே கூடாது என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னாள். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, தாங்களும் இலைச்சாறுகளோடுதான் வேலை செய்கிறோம், பொட்டாசியத்தை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உங்களுக்கு ஒன்று தோன்றலாம்: அப்படியென்றால் வாப்பா எப்படித் தூங்கினார்? நாங்களும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டோம். மகள் கையால் வாங்கிக் குடித்ததால் இருக்கலாம். இல்லாவிட்டால் அந்த இலையில் வேறு ஏதோ உண்மையிலேயே இருக்கலாம். பொட்டாசியத்தின் இரைச்சலில் அது எங்களுக்குக் கேட்காமல் போயிருக்கலாம். இதைப் பற்றி யாராவது உறுதியாகப் பேசினால் அவர்களிடம் எத்தனை கலம் என்று கேளுங்கள்.

விடைபெறுவதற்காக, போன வாரம் திகனைக்குப் போயிருந்தேன். உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்திருந்தார். ரிஸ்னா என் பயணப்பெட்டி எத்தனை கிலோ என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்; அவள் போகவில்லை, இங்கேதான் இருக்கப்போகிறாள், உங்களோடு. வாப்பா கடையிலிருந்து மேலே ஏறி வந்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஏறுவது எங்களுக்குக் கேட்டது. கதிரையில் உட்கார்ந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டார்.

“நோவு எப்படி வாப்பா?” என்று கேட்டேன்.

“அது எங்க போற? வீட்டு ஆள் மாதிரி” என்றார். பிறகு மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க போக முந்தி உங்கட கூட்டாளிக்கிட்டச் சொல்லிட்டுப் போங்க. அந்தப் பொட்டாசியத்தக் கழிச்சிப்போட்டு மிச்சத்தத் தரட்டாம்.”

உம்மா, “போதும் வாயப் பொத்துங்க” என்று அதட்டினார். ரிஸ்னா சிரிக்கவில்லை.

“மிச்சம் இரிக்காண்டே தெரியா, வாப்பா” என்றாள்.

“அப்ப பாருங்க” என்றார் அவர்.

அதைத்தான் அவள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாற்றில் எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது என்று அளந்து, அந்த அளவை வெளிக்கரைசலில் குறைத்து, பிறகு ஓடவிடுகிறாள். இதுவரை கோடு இறங்கவில்லை. எங்கோ ஓரிடத்தில் மெல்லிய வளைவு ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது. மறுபடி செய்தபோது காணோம். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர. நீங்கள் வந்து சேரும்போது அவள் வெறுங்காலோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். பேச்சுக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த கலத்தைப் பிடியுங்கள்.